மரத்திலிருந்து முதுகுக்கு

பனையில் ஆண் தனி, பெண் தனி. விதை ஊன்றி 12, 15 வருஷம் கழித்து முதல் பாளை வெளியே தலைகாட்டும்போதுதான் எது எந்த மரம் என்று நட்டவருக்கே தெரியும். பதநீர் இரண்டிலும் இறக்கலாம். காய்ப்பது பெண் பனை மட்டும். பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஏரிக்கரைகளிலும் வரப்புகளிலும் நிற்கும் பெண் பனைகள், பங்குனி வெயில் ஏறும்போது கறுத்த காய்களைக் குலைகுலையாகச் சுமந்துகொண்டு நிற்கும்.

அந்தக் காய்களில் ஒன்றைப் பின்தொடர்வோம். அது போய்ச் சேரப்போகிற இடம் வடசென்னையில், புளியந்தோப்பில், வேர்க்குரு அள்ளிப்போட்ட ஒரு குழந்தையின் முதுகு.

மரம்

காய்க்குள் பெரும்பாலும் மூன்று குழி. குழிகளில் முதலில் இருப்பது வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரே ஓரத்திலிருந்து மெல்ல இறுகி வழுக்கையாகிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் வழுக்கை தடித்து, நடுவிலிருக்கும் தண்ணீர் வற்றி, பல்லுக்கு மசியாத கடுக்காயாகிவிடும். அதையும் பறிக்காமல் விட்டுவைத்தால் ஆடி, ஆவணியில் மணக்க மணக்கப் பனம்பழம். பழத்தின் கொட்டையை மண்ணில் புதைத்தால் தைப்பொங்கலுக்குப் பனங்கிழங்கு. ஒரே காய்க்கு இத்தனை பிறவி. அவற்றில் ஆயுசு குறைந்தது நுங்குப் பிறவிதான். பதம் தப்பாமல் வெட்ட வேண்டும். வெட்டினால் அன்றைக்கோ மறுநாளோ விற்றுவிட வேண்டும். அதற்கு மேல் வைத்திருந்தால் புளித்துப்போகும்.

இந்த மரத்தைத் தொல்காப்பியம் மர வகையில் சேர்க்கவில்லை. வைரம் வெளிப்புறத்தில் இருப்பதால் புல் வகையில் வைத்தது. சேரர்கள் இதன் பூவைச் சூடிப் போருக்குப் போனார்கள். கம்போடியா இதைத் தேசிய மரமாக வைத்திருக்கிறது. தமிழ்நாடு 1978-ல் மாநில மரமாக அறிவித்தது. மரத்துக்குக் கிடைத்த மரியாதை அதில் ஏறுபவருக்குக் கிடைத்ததா என்பது வேறு கேள்வி.

ஏறுபவரின் உடம்பைப் பார்த்தால் பதில் தெரியும். பனையின் அடிமரம் சொரசொரப்பானது. உதிர்ந்த மட்டைகளின் தழும்பு வரி வரியாகச் சுற்றியிருக்கும். கால்களுக்குத் தளைநார் மாட்டிக்கொண்டு, மரத்தை இரு கையாலும் தழுவி, நெஞ்சை அதில் அழுத்தி, உந்தி உந்தித்தான் மேலே போக வேண்டும். நன்றாக வளர்ந்த பனை 20, 25 மீட்டர் இருக்கும். ஏழு, எட்டு மாடிக் கட்டடத்தின் உயரத்தை ஒரு நாளில் பல தடவை ஏறி இறங்குபவரின் நெஞ்சிலும் முன்கையிலும் பாதத்தின் உள்விளிம்பிலும் தோல் காய்த்துப் போய்விடுகிறது. உரசல் ஓயாமல் விழும் இடத்தில் மேல்தோல் தன்னைத்தானே தடிமனாக்கிக்கொள்வதுதான் காய்ப்பு. உள்ளே இருக்கும் சதையைக் காக்க உடம்பு போட்டுக்கொள்ளும் கவசம் அது. பருவம் முடிந்து சில மாதம் மரம் ஏறாமல் இருந்தால் மெல்லக் கரையும். மறுபடி ஏறினால் மறுபடி வரும். அது வரும்வரை முதல் சில நாட்கள் நெஞ்சு உரிந்து எரியும்.

மேலே போனதும் அரிவாளால் குலையின் காம்பை அறுத்து, கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவார்கள். அப்படியே கீழே போட்டால் காய் பிளந்து, உள்ளிருக்கும் வழுக்கை கலங்கிவிடும். காலை வெயில் சுடும் முன்பே வேலையை முடித்துவிடுவது வழக்கம். வெயில் ஏறிவிட்டால் கையில் வேர்வை ஊறும். மரம் தழுவும் கைக்கு வேர்வை எமன்.

இப்படி ஏறுவோர் குறைந்துகொண்டே வருகிறார்கள். கள் இறக்கத் தடை, பதநீருக்கு உரிமம், விழுந்தால் முதுகெலும்பு. இவ்வளவையும் பார்த்த பிள்ளைகள் சிப்காட் கம்பெனி வண்டியில் ஏறிப் போய்விடுகிறார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும், 76 லட்சம் பனை விதைகள் தரப்படும் என்றும் 2021-ல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்தது. அப்போது ஊன்றிய விதை காய்க்க 2035-ஐத் தாண்டும். அதுவரை இன்று நிற்கும் மரங்களும், இன்று ஏறும் நெஞ்சுகளும்தான் சென்னையின் கோடைக்குப் பொறுப்பு.

தண்டவாளம்

கரையில் குவித்த காய்கள் சாக்கில் ஏறுகின்றன. சில சாக்குகள் குட்டியானை என்னும் சின்னச் சரக்கு வண்டியில் ஏறி, ஜி.என்.டி. சாலை வழியாகச் செங்குன்றம், மாதவரம், மூலக்கடை என்று வரும். சில மூட்டைகள் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறும். விடிகாலை வண்டியில் சாமான் பெட்டியை ஒட்டி கீரைக்கட்டு, மீன்கூடை, மல்லிப்பூ மூட்டையோடு நுங்கும் உட்கார்ந்து வரும்.

பொன்னேரியிலிருந்து மீஞ்சூர் வரைக்கும் சன்னலுக்கு வெளியே பனை தெரியும். அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தொடங்குகின்றன. எண்ணூரில் உப்பங்கழி, சாம்பல், நிலக்கரி. விம்கோ நகர், திருவொற்றியூர் என்று வர வர மோட்டார் வண்டித் தொழிற்சாலை, டயர் தொழிற்சாலை, மேற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. உருக்கு உலையும் கொதிகலனும் ரப்பர் வேகும் அச்சும் இருக்கும் இடங்களில் வேலை செய்பவருக்குச் சித்திரை வெயில் வெளியில் ஒன்று, உள்ளே ஒன்று. கடல் பக்கத்திலேயே இருந்தும் பயனில்லை. மேற்கிலிருந்து வரும் அனல் காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று கரையேறப் பிற்பகல் ஆகிவிடும். நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 45 டிகிரி பதிவான 2003 மே 31 அப்படிக் காய்ந்த ஒரு நாள். கடற்காற்று வந்துவிட்டாலோ அதோடு ஈரமும் வரும். சூடு குறையும், புழுக்கம் ஏறும். வேர்க்குருவைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் மோசம்.

கொருக்குப்பேட்டை தாண்டி பேசின் பிரிட்ஜ். மூட்டை இறங்குகிற இடம் இது.

ரயிலுக்கு முன்னால் இந்த வழியைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது. 1806-ல் எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய், தாது வருஷப் பஞ்சத்தின்போது பஞ்ச நிவாரண வேலையாக நீட்டிக்கப்பட்டு, 1878-ல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை 420 கிலோமீட்டர். உப்பும் விறகும் படகில் வந்து இறங்கிய இடத்தின் நினைவாகத்தான் பக்கத்துச் சரக்கு நிலையத்துக்கு இன்றும் சால்ட் கோட்டர்ஸ் என்று பெயர்.

அதே காலத்தில் வெள்ளைக்காரர்களின் கோடைக்கு வேறு வழியில் குளிர்ச்சி வந்தது. பிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி, அமெரிக்காவின் உறைந்த ஏரிகளில் ஐஸ் பாளம் அறுத்து, மரத்தூள் சுற்றிக் கப்பலில் அனுப்பினார். அதைச் சேமித்து வைக்கத்தான் 1842-ல் மெரினாவில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. 1897-ல் விவேகானந்தர் தங்கியதன் நினைவாகப் பின்னாளில் பெயர் மாறிய அதே கட்டடம். உலகத்தைப் பாதி சுற்றி ஐஸ் வந்த ஊரில், அந்த ஐஸை வாங்க முடியாதவர்களுக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்து நுங்கு வந்தது. ஐஸ் வியாபாரம் செயற்கை ஐஸ் வந்ததும் படுத்துவிட்டது. நுங்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

வண்டி

புளியந்தோப்பு நெடுஞ்சாலையில் தள்ளுவண்டி நிற்கும் இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: பஸ் ஸ்டாப் ஓரம், பள்ளிக்கூட வாசல், மரநிழல் கொஞ்சம் மிச்சமிருக்கும் முனை. வண்டியின் ஒரு பக்கம் காய்க் குவியல், மறுபக்கம் ஈரச்சாக்கின் மேல் தோண்டியெடுத்த நுங்கு, நடுவில் விற்கும் அம்மா. தலையில் ஈரத்துண்டு. கையில் வளைந்த அரிவாள்.

அவர் ஒரு காயை எடுக்கிறார். இடது உள்ளங்கையில் உட்காரவைத்து, தலைப்பக்கத்தில் நாலு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு வில்லை தெறிக்கிறது. முதலில் கறுத்த மேல்தோல், அடுத்து வெளிறிய நார், பிறகு இன்னும் முற்றாத வெள்ளை ஓடு. கடைசி வெட்டில் மூன்று கண்ணும் திறக்கின்றன. ஒரு நூல் ஆழமாகப் போயிருந்தால் தண்ணீர் பீய்ச்சி வீணாகியிருக்கும். ஓட்டை நெம்பி, கண்ணைக் கட்டைவிரலால் உருட்டி வெளியே எடுக்கிறார். பழுப்பும் மஞ்சளும் கலந்த மெல்லிய தோல் போர்த்த நுங்கு, முழுசாக, நடுவில் தண்ணீர் ததும்ப வந்து விழுகிறது.

அவர் விரல்களைக் கவனியுங்கள். நகத்தைச் சுற்றிக் கறுப்பு. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் பருவம் முடியும்வரை போகாது. பனங்காயின் துவர்ப்புச் சத்து அரிவாளின் இரும்போடு சேர்ந்து கறுப்புச் சாயமாகிறது. அந்தக் காலத்து எழுத்து மை உண்டான அதே வேதியியல். துவர்ப்புக்கு இன்னொரு குணமும் உண்டு: தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்கும். புளியந்தோப்புக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆட்டுத்தொட்டி என்னும் இறைச்சிக்கூடத்தில் உரித்த தோல் உப்புப் போட்டுப் பெரியமேட்டு மண்டிக்குப் போவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்ப்பவர்கள். அந்தத் தோலை ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதப்படுத்தியதும் துவர்ப்பின் வேலைதான். நுங்குத் தோலில் இருப்பது அதன் சின்ன அளவு. வாயில் வைத்தால் நாக்கைச் சுருட்டும், முதுகில் வைத்தால் லேசாக இழுத்துப் பிடிக்கும்.

இங்கே வியாபாரம் பேசும் விதமே தனி.

"அக்கா, எளசா பாத்துக் குடு. கொயந்திக்கி."

"துன்றதுக்கா, முதுவுல தடவுறதுக்கா?"

"ரெண்டுக்குந்தான்."

"அப்ப தோலைத் தூக்கிப் போட்டுராத. கய்த்துல, முதுவுல நல்லா ஒரசு. ஃபேனாண்ட உக்கார வை. காயற வரிக்கும் சட்டை மாட்டாத, இன்னா?"

கடைசியில் அவர் சொன்ன அந்த ஒரு வரியில்தான் வைத்தியமே இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

வண்டியில் காய் இரண்டாகப் பிரிகிறது. நுங்கு பாலிதீன் பையிலோ பனையோலையிலோ வீட்டுக்குப் போகிறது. மட்டை, அதாவது ஓடும் நாரும் சேர்ந்த பெரிய பங்கு, வண்டிக்கடியில் குவிகிறது. கிராமமாக இருந்தால் மாடு தின்னும். இரண்டு மட்டையைக் குச்சியில் கோத்துப் பிள்ளைகள் நுங்கு வண்டி ஓட்டும். இங்கேயும் மாடு வைத்திருப்பவர்கள் சிலர் சாயங்காலம் வந்து வாரிக்கொண்டு போகிறார்கள். மீதி மாநகராட்சி லாரியில் ஏறிக் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போகும். பொன்னேரி ஏரிக்கரையில் தொடங்கிய பயணத்தின் ஒரு கிளை அங்கே முடிகிறது. நாம் மற்றக் கிளையோடு போவோம்.

முதுகு

மனிதத் தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வேர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய நாளம் மேலே வந்து தோல் பரப்பில் வாய் திறக்கும். வேர்த்து, அந்த வேர்வை காய்ந்தால் உடம்பு குளிரும். காயாமல் தோலிலேயே நின்றால் சிக்கல். மேல்தோலின் செத்த அடுக்கு தண்ணீரில் ஊறி உப்பி நாளத்தின் வாயை அடைத்துவிடுகிறது. தோலில் வாழும் நுண்ணுயிர்களும் சேர்ந்து அடைப்பைக் கெட்டியாக்குகின்றன. சுரப்பிக்கு இது தெரியாது. அது பாட்டுக்குச் சுரந்துகொண்டே இருக்கும். வெளியேற வழியில்லாத வேர்வை நாளத்தை உடைத்துக்கொண்டு தோலுக்குள்ளேயே கசியும். கசிந்த இடம் சிவந்து, அரித்து, ஊசி குத்தும். இதுதான் வேர்க்குரு.

அடைப்பு மிக மேலே இருந்தால் அரிப்பில்லாத கண்ணாடிக் கொப்புளம். கைபட்டாலே உடைந்துவிடும், தானாகவே போய்விடும். கொஞ்சம் ஆழத்தில் இருந்தால் நமக்குத் தெரிந்த சிவப்பு வேர்க்குரு. பச்சைக்குழந்தைகளுக்கு நாளங்களே சரியாக முதிர்ந்திருக்காது. அதனால்தான் தூளியிலும் மடியிலும் கிடக்கும் பிள்ளையின் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் முதலில் வருகிறது. பெரியவர்களில் பெல்ட் கட்டும் இடம், பை மாட்டும் தோள், பிரா பட்டை, ஹெல்மெட் வார் என்று எங்கே காற்றுப் புகாதோ அங்கே.

இப்போது நுங்கைத் தடவுகிறோம். நுங்கு பெரும்பகுதி தண்ணீர், மிச்சம் கொஞ்சம் சர்க்கரையும் வழவழப்பும். தோல் மேல் பரப்பிய ஒவ்வொரு கிராம் தண்ணீரும் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. வெறும் தண்ணீர் ஊற்றினால் வழிந்து கீழே போய்விடும். நுங்கின் வழவழப்பு அதைத் தோலில் நிறுத்திவைத்து, மெல்லக் காயவைக்கிறது. தோலின் சூடு இறங்கினால் அந்த இடத்தில் சுரப்பி வேர்வையைக் குறைத்துக்கொள்ளும். கசிவு நின்றால் அரிப்பு தணியும். துவர்ப்பு எரிச்சலை லேசாக அடக்கும்.

அத்தனைக்கும் நிபந்தனை ஒன்று உண்டு. சட்டையைக் கழற்ற வேண்டும். காற்று வரும் இடத்தில் உட்கார வேண்டும். காயும்வரை, கால் மணி நேரமோ இருபது நிமிஷமோ, ஓடாமல் ஆடாமல் இருக்க வேண்டும். உடம்பு வேர்க்காமல் இருக்கும் அந்த இருபது நிமிஷம்தான் வேர்க்குருவுக்கு மருந்து. நுங்கு செய்யும் பெரிய காரியம், ஓடித்திரியும் பிள்ளையை அத்தனை நேரம் சட்டையில்லாமல் மின்விசிறிக்கு முன் உட்காரவைப்பது. 'காயற வரிக்கும் சட்டை மாட்டாத' என்று வண்டிக்கார அம்மா சொன்னது இதைத்தான். காய்ந்த பிறகு பச்சைத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். விட்டால் சர்க்கரை பிசுபிசுக்கும், எறும்பும் ஈயும் தேடிவரும்.

கடையில் விற்கும் வேர்க்குரு பவுடர் வேறு விதமாக வேலை செய்கிறது. அதன் அடிப்படைப் பொருள் டால்க் என்னும் கல்; உலகத்தில் இருக்கும் தாதுக்களிலேயே மென்மையானது. மேலோட்டமான ஈரத்தை அது உறிஞ்சும். உடனே ஜில்லென்று இருப்பதற்குக் காரணம் அதில் சேர்க்கும் மெந்தால். குளிரை உணரும் நரம்பை மெந்தால் தூண்டிவிடுகிறது. தோலின் சூடு மட்டும் அப்படியே இருக்கும். காய்ந்த உடம்பில் கொஞ்சமாகத் தூவினால் மடிப்புகளில் உரசல் குறையும், தவறில்லை. வேர்த்து நிற்கும் முதுகில் அள்ளிக் கொட்டினால் ஈரத்தோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். கைக்குழந்தைக்குப் பக்கத்தில் டப்பாவைத் தட்டுவது கூடவே கூடாது. தூள் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தேங்காயெண்ணெயும் வேர்க்குருவுக்கு ஆகாது, அடைப்பின் மேல் இன்னொரு அடைப்பு அது. ரோஸ் நிறக் கலமைன் லோஷன் நல்லது; துத்தநாக ஆக்சைடில் துளி இரும்பு ஆக்சைடு சேர்ந்த அந்தத் திரவமும் காயும்போது குளிரவைத்து அரிப்பை அடக்குகிறது. நுங்கு கிடைக்காத மாதங்களில் அது போதும்.

நுங்கால் ஆகாதவையும் உண்டு. சொறிந்து சொறிந்து புண்ணாகிச் சீழ் கோத்துவிட்டால் அது கிருமியின் வேலை. மாம்பழம் தின்றதால் வந்த சூட்டுக்கட்டி என்று சும்மா இருக்கக்கூடாது. காய்ச்சலும் சேர்ந்தால் தாமதமே கூடாது. தொடை இடுக்கிலும் இடுப்பிலும் வட்டமாக, ஓரம் தடித்துப் பரவினால் அது படர்தாமரை. அதற்கு நுங்கு தடவினால் ஈரம் கொடுத்து வளர்த்த மாதிரி ஆகும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம் அதைவிடக் கெடுதல்: இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், உள்ளே பூஞ்சை பரவும், தோல் மெலிந்து வரி விழும். இத்தகைய பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் 2018-ல் மத்திய அரசு சேர்த்தும், தெருமுனைக் கடைகளில் விற்பனை ஓயவில்லை. ராயபுரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு இருக்கிறது. காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்குவது, மூன்று மாதம் தவறான களிம்பு பூசுவதைவிடச் சீக்கிரம் முடியும் வேலை.

நேரம்

ஆக, கோடையில் தோலுக்கு வேண்டியது மூன்றுதான்: காற்று புகும் துணி, உடம்பு ஆற ஓர் இடம், அதற்கான நேரம். மூன்றும் புளியந்தோப்பின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பவை.

துணியை எடுத்துக்கொள்வோம். இங்கே பக்கத்தில் 1876-ல் பக்கிங்காம் மில்லும், 1881-ல் கர்நாடிக் மில்லும் தொடங்கிப் பிறகு பி அண்டு சி ஆனபோது, அங்கே நெய்த காக்கி டிரில் துணி ராணுவத்துக்கெல்லாம் போனது. பருத்தி வேர்வையை உறிஞ்சிக் காற்றுக்குக் கொடுக்கும். 1996-ல் மில் மூடிவிட்டது. இன்று அதே தெருக்களிலிருந்து பைக்கில் சாப்பாடு கொண்டுபோகும் பையன்களுக்குக் கம்பெனி கொடுத்திருப்பது பாலியஸ்டர் பனியன். வேர்வையை வைத்துக்கொள்ளவும் தெரியாது, விடவும் தெரியாது, முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் சதுரப்பை.

இடமோ இன்னும் சிக்கல். சுவரோடு சுவர் ஒட்டிய பத்துக்குப் பத்து வீட்டில் காற்று வரவும் போகவும் ஒரே வாசல். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க அதைத் திருப்பிக் கொடுக்கும். நுங்கு தடவிய பிள்ளைக்கு மின்விசிறி வேண்டும். மின்விசிறிக்குக் கரண்டு வேண்டும். மே மாத ராத்திரியில் கரண்டு போனால் குடும்பம் மொத்தமும் தெருவில் பாய் விரிக்கும்.

மூன்றாவது நேரம். 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோரின் துணையோடு இந்த மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லும் அந்தச் சங்கத்தின் தொடக்கக் குறைகளில் ஒன்று, மதிய இடைவேளை போதவில்லை என்பது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சங்கு ஊதிவிடுகிறது என்று கேட்டவர்கள் கூலி உயர்வுக்கு நிகராக நிமிஷங்களையும் கேட்டார்கள். 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம், கலவரம், துப்பாக்கிச்சூடு என்று புளியந்தோப்பு ரத்தம் பார்த்தது பெரிய கதை. அந்த முதல் கோரிக்கை மட்டும் நூறு வருஷம் தாண்டியும் பழசாகவில்லை.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டம் திருத்தியது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-ல் அறிவித்தது. உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். இரண்டும் நல்ல காரியங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய இடம் காலியாக இருக்கிறது. சாகாமல், ஆனால் நாள் முழுக்க வேர்த்துக்கொண்டே இருக்கும் உடம்புகளின் இடம் அது. சால்ட் கோட்டர்ஸில் மூட்டை இறக்குபவர், ஆட்டுத்தொட்டியில் தோல் உரிப்பவர், கொடுங்கையூருக்கு லாரியில் குப்பை ஏற்றுபவர், தலையில் ஈரத்துண்டோடு காலை முதல் நுங்கு வெட்டும் அந்த அம்மா. வண்டி முழுக்க மருந்தை வைத்துக்கொண்டு நிற்கும் அவருக்கே, ஒரு நுங்கை எடுத்துக் கழுத்தில் தடவிக்கொண்டு காயும்வரை உட்கார நேரமில்லை. உட்கார்ந்தால் அடுத்த காயை யார் வெட்டுவது?

வசதி உள்ள வீடுகளில் கோடைத் தோல் பராமரிப்பு என்றால் எந்த கிரீம், எந்த சோப்பு என்று பேச்சு போகிறது. அவர்களுக்கு ஏசி அறை அந்த இருபது நிமிஷத்தைக் கேட்காமலே கொடுத்துவிடுகிறது. மற்றவர்களுக்கு அது கேட்டு வாங்க வேண்டியதாக இருக்கிறது. பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளிவேலையைத் தவிர்க்கச் சொல்லி ஒவ்வொரு கோடையிலும் எச்சரிக்கை வருகிறது. தினக்கூலிக்காரருக்கு அந்த மூன்று மணி நேரத்தின் கூலியை யார் தருவது என்று எச்சரிக்கையில் ஒரு வரியும் இருப்பதில்லை. அந்த வரி எழுதப்படும்வரை, வார்டுக்கு வார்டு நிழற்கூரையும் குடிதண்ணீரும் ஓடும் மின்விசிறியும் கொண்ட ஓர் இடத்தையாவது மாநகராட்சி திறந்து வைக்கலாம். ஒவ்வொரு ஒப்பந்ததாரரும் வேலைநேரத்துக்குள் கால்மணி இடைவேளை இரண்டு கொடுக்கலாம். நுங்கை மக்கள் தாங்களே வாங்கிக்கொள்வார்கள். அது காயும் நேரத்தைத்தான் யாராவது ஏற்பாடு செய்ய வேண்டும்.